அக்கா வாரத்துக்குப் பண்றாங்க

காற்று அன்றைக்குத் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. புரோக்கர் தனபால் ஒரு கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி எங்கள் நிலத்தின் எல்லைகளைக் காட்டிக் காட்டிப் பேசினார். ராகி அறுத்து ஓய்ந்த நிலம். அறுத்த தாளின் அடிக்கட்டை செருப்பையும் தாண்டிக் குத்தியது. கண்ணெல்லாம் புழுதி.

நானும் என் தம்பி முருகேசனும் அவர் பின்னால் நடந்தோம். தம்பிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. விடுமுறை போட்டு வந்திருந்தான். அப்பா பெயரில் இருக்கும் நிலத்தை விற்றுவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற, எங்கள் நிலத்தை ஒட்டிய சாலையை அகலமாக்கியதிலிருந்து அந்த எண்ணம் அவனைத் தூங்கவிடவில்லை.

"இப்ப யாருங்க பயிர் வெக்கிறது?" என்று புரோக்கர் கேட்டார்.

தம்பி செல்போனைப் பார்த்தபடியே சொன்னான். "அக்காதாங்க. வாரத்துக்குப் பண்றாங்க."

எங்கள் அக்கா மாதம்மாள் பக்கத்திலேயேதான் இருந்தாள். ராகித் தாளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"யாரு, நானா? வாரத்துக்கா?"

தம்பி செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் குனிந்து செருப்பில் குத்திய தாளைப் பிடுங்கினேன். புரோக்கர்தான் முந்திக்கொண்டார். "அப்ப தொந்தரவு இல்லீங்க வாத்தியாரே. குத்தகைன்னா எழுத்து, சாட்சின்னு வந்து நிக்கும். வாரம்னா வாயோட முடிஞ்சிரும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். கட்டிய தாளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அப்படி அதற்கு முன்னால் நடந்ததே இல்லை.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வகுப்பில்கூட நாற்காலி எனக்கு மேல்துண்டு போடுகிற இடம்தான். அன்றைக்குத் தருமபுரி வீட்டுக்குத் திரும்பியும் வாசலுக்கும் கொல்லைப்புறத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "கால் வலிக்கலையா?" என்று மனைவி கேட்டாள். எனக்குக் கால் வலிக்கவில்லை. வாரம் என்ற அந்த ஒரு சொல்தான் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு சொல்லை வைத்துக்கொண்டு

நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறவன். உற்பத்திக் காரணிகள் நான்கு என்று ஆண்டுதோறும் பலகையில் எழுதுகிறேன். நிலம், உழைப்பு, மூலதனம், தொழில் முனைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெகுமதி. உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, தொழில் முனைவோருக்கு லாபம். நிலத்துக்குக் கிடைப்பதன் பெயர் வாரம். நாட்டில் எல்லோருக்கும் கிடைத்த இந்த நான்கையும் கூட்டினால் நாட்டு வருமானம் என்று ஒரு கணக்கு வரும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் குழப்பமே வராது. வேறு ஊர்களில் வாரம் என்றதும் ஞாயிறு, திங்கள் என்று நினைப்பார்களாம். எங்கள் பிள்ளைகளுக்கு வாரம் என்றால் ஒருவர் நிலத்தில் இன்னொருவர் பாடுபட்டு, விளைந்ததில் நிலத்துக்காரருக்குப் பங்கு கொடுப்பது. அவர்கள் வீடுகளில் பாதிப் பேர் வாரத்துக்குப் பண்ணுகிறவர்கள். மீதிப் பேர் வாரத்துக்கு விட்டவர்கள்.

எங்கள் வீட்டுக்கு இந்தச் சொல் அப்பா காலத்தில் வந்தது. அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு நிலத்தை வெளியாள் ஒருவரிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். ஆண்டுக்கொரு முறை மூட்டைகள் வீட்டுக்கு வரும். "வாரம் வந்துருச்சு" என்று அம்மா சொல்வாள். பிறகு அந்த ஆள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அதே சமயத்தில் ஒகேனக்கல் பக்கம் வாக்கப்பட்டுப் போயிருந்த அக்கா, மாமா இறந்ததும் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். வந்த மறுமாதமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஆள் மாறியது. சொல் மாறவில்லை. நான் உத்தியோகம் கிடைத்து தருமபுரிக்குக் குடிவந்தேன். தம்பி ஓசூர் போனான். அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகும் அறுப்பு முடிந்ததும் அக்கா பஸ்ஸில் மூட்டை ஏற்றிவிடுவாள். ராகி, அவரைக்கொட்டை, துவரை, கொட்டை எடுத்த புளி. கண்டக்டர் இறக்கிவைப்பார். நான் போய் எடுத்துவருவேன். என் மனைவி மூட்டையைப் பிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள்: "எங்க நாத்தனார் வாரம் அனுப்பியிருக்காங்க."

யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. பழக்கத்தில் வந்த பேச்சு. ஆனால் அந்தப் பேச்சுக்குள்ளே ஒரு பத்திரம் எழுதப்பட்டிருந்தது. மூன்று பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நிலத்தில் இரண்டு பேர் உடைமைக்காரர்கள், ஒருத்தி வாரத்துக்குப் பண்ணுகிறவள். புரோக்கர் வந்து கேட்டபோது தம்பி வாய் தவறிச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் பல வருஷமாக நம்பியிருந்ததைத்தான் சொன்னான்.

கொல்லைக்குப் போன தகப்பன்மார்

சொல் என்றதும் ஒரு தலைமை ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். நல்ல மனிதர், வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்பது என்று முடிவுசெய்து என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீட்டில், "அப்பா எங்கம்மா?" என்றார்.

"கொல்லைக்குப் போயிருக்காருங்க."

அவர் வாசலிலேயே நின்றார். நேரம் போயிற்று. தகப்பன் வரவில்லை. அடுத்த வீடு. அங்கேயும் அப்பா கொல்லைக்குத்தான் போயிருந்தார். மூன்றாவது வீட்டில் அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் சேர்ந்து கொல்லைக்குப் போயிருந்தார்கள். தலைமை ஆசிரியர் முகம் வெளிறிவிட்டது. என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "சார், ஊர்ல தண்ணி சரியில்லையா? காலரா கீலரா வந்திருக்குமா? சுகாதார ஆபீசருக்குச் சொல்லணுமே" என்றார்.

அவர் ஊரில் கொல்லைக்குப் போவதென்றால் காலைக்கடன். எங்கள் ஊரில் கொல்லை என்றால் மழையை நம்பி விதைக்கிற மேட்டுநிலம். நான் சிரித்த சிரிப்பில் என் சட்டைப் பையிலிருந்த பேனா கீழே விழுந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். ஆனால் மாற்றலாகிப் போகும்வரை யாராவது கொல்லை என்றால் அவர் கண் ஒருமுறை வயிற்றுப் பக்கம் போய்த்தான் திரும்பும்.

சிரித்துவிட்டேனே தவிர, அந்தச் சம்பவம் என்னைவிட்டுப் போகவில்லை. ஒரே சொல் ஒரு ஊரில் சோறு போடுகிற நிலம், இன்னொரு ஊரில் வேறு. வாரம் என்ற சொல்லும் எங்கள் வீட்டில் ஒன்றாகவும் அக்காவின் காதில் ஒன்றாகவும் இருந்திருக்கிறது. தம்பிமார்களுக்குப் பிரியத்தில் கொடுத்தனுப்புவதாக அவள் நினைத்திருக்கிறாள். நாங்கள் வசூல் என்று வாங்கியிருக்கிறோம்.

மேற்குப் பக்கத்துக் கற்கள்

நிலம் இயற்கை தந்த கொடை என்று பாடத்தில் நடத்துவேன். அதை யாரும் உற்பத்தி செய்யவில்லை, அதற்கு உற்பத்திச் செலவு கிடையாது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இதைச் சொல்லும்போது ஜன்னல் வழியே பார்த்தால் எங்கள் மாவட்டத்துக் குன்றுகள் தெரியும். கொடைதான். கல்லாகக் கொடுத்திருக்கிறது.

எங்கள் நிலத்தின் மேற்குப் பக்கம் அப்பா காலத்தில் வெறும் கரம்பு. உழுதால் கலப்பை முனை மழுங்கும். ஆடுகூட அங்கே மேயாமல் தாண்டிப் போகும். அக்கா இறங்கிய பிறகு கோடைதோறும் கல் பொறுக்கினாள். பெரிய கல்லைக் கடப்பாரையால் நெம்பி உருட்டி வரப்போரம் அடுக்கினாள். ஏரியில் வண்டல் எடுக்க விட்டபோது டிராக்டர்காரர்களோடு மல்லுக்கு நின்று லோடு லோடாக அடிக்கவைத்தாள். இப்போது அங்கே மண் கறுப்பாக, பிடித்தால் பிடியில் நிற்கும். அவரை கொத்துக் கொத்தாகக் காய்க்கிற இடம் அதுதான்.

அங்கே வந்து நிற்கும்போதெல்லாம் பாடம் எனக்குள் முட்டும். இது இயற்கையின் கொடை என்றால், வரப்போரம் மதில் மாதிரி அடுக்கியிருக்கிற கல் யாருடைய கொடை?

இன்னொன்றும் வகுப்பில் சொல்வதுண்டு. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஒருவர் நிலத்தை இன்னொருவருக்கு விற்றால் அந்த விலை நாட்டு வருமானத்தில் சேராது. நிலம் முன்பே இருந்தது, கை மாறுகிறது, அவ்வளவுதான். புதிதாக ஒன்றும் உற்பத்தியாகவில்லை. ஆனால் நடுவில் நிற்கிற புரோக்கரின் கமிஷன் சேரும். அது சேவை. அந்த வகையில் பார்த்தால், அன்றைக்குக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற தனபால் நாட்டின் வருமானத்தை உயர்த்த வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் சும்மா நின்றவர்கள்.

"நீ எதுக்குடா குதிக்கிற?"

அக்கா சோறு போடாமல் அனுப்பியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நானும் தம்பியும் மறுபடி போனோம். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்ததால் விற்பனைக்கு அக்கா கையெழுத்தும் வேண்டும் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். தம்பி வழியில் இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டான்.

நான் வேறு ஒரு முடிவோடு போயிருந்தேன். நிலத்தை விற்கவிடக் கூடாது. அக்கா பண்ணிய நிலம், அவளே பண்ணிக்கொண்டிருக்கட்டும். பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற வழியெல்லாம் மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன். அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் உட்காராமலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"முருகேசா, இது வெறும் மண்ணு இல்ல. அக்கா உசிரக் குடுத்திருக்குது. பிளாட்டு போட்டு கல்லு நட்டா நாளைக்கி ராகி எங்க வெளையும்? எல்லாரும் வித்துட்டா நாடு எதத் தின்னும்? அக்காவ இந்த நெலத்துலேருந்து எறக்கிட்டு நாம எந்த மூஞ்சியோட..."

அக்கா முறத்தில் அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீ எதுக்குடா குதிக்கிற? ஒக்காரு மொதல்ல."

நான் உட்காரவில்லை. ஆனால் வாயை மூடினேன்.

"நா இந்தக் கொல்லையிலயே கெடக்கணும்னு உன்கிட்ட சொன்னனா? எனுக்கு இடுப்பு ஒடியுது. வெயில்ல நின்னா கண்ணு இருட்டுது. பன்னி வந்து கெழங்கத் தோண்டிட்டுப் போவுது, மழ வேணுங்கறப்ப வரமாட்டேங்குது. நீ வருசத்துக்கு ரெண்டு தரம் வந்து, பச்சையா இருக்குதுன்னு போட்டோ புடிச்சுட்டுப் போற. உனுக்கு நல்லாத்தான் இருக்கும்."

தம்பி முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தாங்க்கா நானும் சொல்றன். வித்துடலாம். உனுக்கும் ஒரு தொகை ஒதுக்கிடறோம்."

முறம் நின்றது.

"ஒதுக்கறியா? நீ யாரு எனுக்கு ஒதுக்கறதுக்கு? விக்கறது உன் இஷ்டம். உன் பங்க வித்துக்க. மூணாப் பிரிங்க. எனுக்கு ரோட்டோரம் வேணும்."

வெளியே சாலையில் ஒரு லாரி போனது.

தம்பி முதலில் சுதாரித்துக்கொண்டான். "ரோட்டோரத்துல என்னக்கா இருக்குது? செம்மண்ணு, ஒன்னும் வெளையாது. மேக்கால பாரு, தங்கமாட்டம் மண்ணு. நீயே பண்ணினது. நியாயமா அது உனுக்குத்தான் வரணும்."

"மண்ணு நா பண்ணினது. செரி. ரோடு நீ பண்ணினியா?"

"அது எப்டிக்கா, கவர்மெண்டு போட்டது."

"அப்ப நீயும் பண்ணல, நானும் பண்ணல. நீ எடுத்துக்கலாம்னா நானும் எடுத்துக்கலாம். ரோட்டோரம் குடுத்தாத்தான் கையெழுத்து."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. தம்பிக்கு வந்ததைவிட அதிகமாக வந்தது. ஓய்வு பெற்றதும் அந்த ரோட்டோரத்தில் ஒரு வீடு கட்டி, முன்னால் இரண்டு தென்னை வைத்து உட்கார்ந்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவின் உயிர், நாட்டின் சோறு என்று நான் கொட்டிய பேச்சுக்கு அடியில் அந்த இரண்டு தென்னையும் நின்றுகொண்டிருந்தன.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று இரண்டு பேரும் கிளம்பி வந்துவிட்டோம். இனிப்புப் பெட்டி பிரிக்காமலே இருந்தது.

பிரிக்க முடியாதது

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் நானாக இல்லை. பொம்மிடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டுவதற்குள் எழுந்து ரயில் நிலையத்துக்குப் போய், வருகிற ரயிலையும் போகிற ரயிலையும் பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தேன். தம்பி தினமும் போன் செய்தான். "விடாதண்ணா. அக்கா எங்க போயிடும், அதுவா எறங்கி வரும்" என்றான். விடாதே என்றால் எனக்குச் சந்தோஷம், அடுத்த நிமிஷமே வெட்கம். இப்படியே மாறி மாறி.

பிறகு வகுப்பில் ஒருநாள் கலப்பு வருமானம் என்ற இடம் வந்தது. வருமானத்தை நான்காகப் பிரிக்கிறோம், சரி. சொந்த நிலத்தில் தானே உழைக்கிற விவசாயிக்குக் கிடைப்பது என்ன? அதில் வாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு? அவருக்கே தெரியாது. பிரிக்க முடியாது. அதனால் மொத்தமாக ஒரே பெயரில் சேர்த்துவிடுகிறோம், அதுதான் கலப்பு வருமானம். பல ஆண்டுகளாகக் கடகடவென்று சொல்லிப் போகிற இடம் அது.

அன்றைக்குப் பாதியில் நின்றுவிட்டேன். யார் சொன்னது பிரிக்க முடியாதென்று? எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் துல்லியமாகப் பிரித்திருக்கிறோம். நிலத்தின் பங்கைத் தனியே எடுத்து, மூட்டை கட்டி, பஸ்ஸில் ஏற்றி எங்கள் இருவர் வீட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது. மிஞ்சியதில் அவள் விதைக்கு எடுத்தாள், எருவுக்கு எடுத்தாள், மகளைப் படிக்கவைத்துத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாள். அதற்குப் பெயர் கூலி என்றால், நாட்டில் யாரும் அந்தக் கூலிக்கு வேலைக்கு வரமாட்டார்கள்.

பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. நல்லவேளை.

சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்தேன். "ரோட்டோரம் அக்காவுக்கு. நடுவுல உனுக்கு. மேக்கால நா எடுத்துக்கறன்" என்றேன். அவன் கத்தினான். வாத்தியார் உத்தியோகம் என் மூளையைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னான். ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் புரோக்கர் அவனுக்கு வேறு கணக்கு காட்டினார். வழி விட்டால் நடுப் பங்கும் விற்கும் என்றார். அவன் கையெழுத்துப் போட்டான், விற்றான், ஓசூரில் வீட்டுக்கு மேல்மாடி எடுத்தான். அவன் விற்பதற்கு முன்பே மூவர் பெயருக்கும் தனித்தனிப் பட்டா வந்திருந்தது.

தன் பெயர் போட்ட பட்டாவை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டு வாங்கிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள், "ஜெராக்ஸ் எங்க போடணும்?" என்று கேட்டாள்.

நாற்காலி

இப்போது அந்தச் சாலையில் போகிறவர்கள் அக்காவைப் பார்த்திருக்கலாம். ஒகேனக்கல் போகிற கார்கள் அந்த வழியாக நிறைய வருகின்றன. தகரக் கூரை போட்டு, அக்கா கடை வைத்திருக்கிறாள். இளநீர், கொய்யா, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், அவித்த கடலை. பெங்களூர்க்காரர்கள் கன்னடத்தில் பேரம் பேசுவார்கள். இவளும் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுப்பாள். பக்கத்தில் கொஞ்சம் இடத்தைப் பஞ்சர் ஒட்டுகிறவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். மாதம் பிறந்தால் வாடகையைக் கறாராக வாங்கிவிடுகிறாள்.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டு அதில் உட்கார்ந்திருப்பாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அங்கேதான். எனக்கு அது பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

மேற்குப் பக்கம் என் பங்காக வந்தது இல்லையா? முதல் வருஷம் டிராக்டர் வைத்து உழுதேன். விதைக்க நினைத்த அன்றைக்குப் பள்ளியில் தேர்வு. அடுத்த மழைக்கு ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவர் அரைநாளில் போய்விட்டார். இரண்டாம் வருஷம் உழவே இல்லை. பார்த்தீனியம் இடுப்புயரம் வளர்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நல்ல மண் இல்லையா, நன்றாகவே வளர்கிறது. எங்கள் தாலுகாவில் அவ்வளவு செழிப்பான பார்த்தீனியத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சமீபத்தில் ஒரு சனிக்கிழமை, மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்தது. விதைக்கிற ஈரம். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய் அக்கா கடை முன்னால் நிறுத்தினேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இளநீர் குலைகளை எண்ணுவது போல நின்றேன்.

"என்னடா? கேக்க வந்தத கேளு."

"மேக்கால நெலம் சும்மா கெடக்குதுக்கா. நீ பாத்துக்கிட்டா..."

"வாரத்துக்கா?"

"அய்யோ, அந்தப் பேச்சே வேணாம்" என்றேன் அவசரமாக. "வாரமும் வேணாம் ஒன்னும் வேணாம். நீ வந்து நின்னு நாலு ஆளுக்கு வேல சொன்னாப் போதும். உனுக்குக் கூலி குடுத்துடறன். வெளையுதோ இல்லியோ, கூலி கூலிதான். எவ்ளோ வேணும்னு நீயே சொல்லு."

அக்கா கத்தியைத் துணியில் துடைத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. இளநீர் பெரியது வேண்டுமா, சிறியது வேண்டுமா என்று விசாரிக்கிற அதே குரல்தான்.

"இந்த வருசத்துக்கா, இத்தன வருசத்துக்குமா?"

கர்நாடகப் பதிவெண் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. உள்ளிருந்து நான்கைந்து பேர் இறங்கினார்கள். அக்கா எழுந்து அவர்களைக் கவனிக்கப் போனாள். நான் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன்.